ஆடு சிலுப்பிய வயல்

பலியாட்டின் காதுகள் படபடவென அடித்துக்கொண்ட அந்தச் சத்தத்தை வெள்ளைத்தாய் கடைசிவரை மறக்கவில்லை. தண்ணீர் தெளித்ததும் ஆடு சிலுப்பினால், கேட்ட காரியத்துக்குக் காளி சம்மதித்துவிட்டாள் என்று அதை வெட்டுவது ஊர் வழக்கம். அன்று தெளித்தவர் பண்ணையார்.

“பாத்தியா? உன் கிணத்து வயலை நான் எடுத்துக்கிட ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. புருஷன் இல்லாதவளுக்கு வயல் எதுக்கு?”

செவ்வாய்தோறும் அந்தக் காளிக்கு விரதம் இருந்தவள் வெள்ளைத்தாய். ஆத்தாளைக் கும்பிட்டாள், மஞ்சள்நீர்க் குடத்தைத் தூக்கிப் பண்ணையார் தலையில் கவிழ்த்தாள். தை மாதக் குளிரில் அவர் உடம்பெல்லாம் சிலுப்பினார்.

“பூசாரி அண்ணே, ஆத்தா சம்மதிச்சுட்டா. அருவாளை எடுங்க!”

“ஏட்டி, தண்ணி ஊத்துனா எவன்தான் சிலுப்ப மாட்டான்?” என்று அலறினார் பண்ணையார்.

“அதை ஊருக்கே கேக்கும்படி இன்னொரு தரம் சொல்லுங்க, மொதலாளி.”

ஊர் சிரித்தது. தொண்ணூற்றிரண்டாம் வயதிலும் வெள்ளைத்தாய் அதே வயலில் களை எடுத்தாள்.