மூக்கையனுக்குக் கிடைத்த தீர்ப்பு

மழை பொய்த்த அந்த வருடம் காட்டில் ஒரே ஒரு அத்திமரம்தான் பழுத்திருந்தது. ஆளுக்கொரு நாள் என்று அதற்கு முறை வைத்திருந்தார்கள். மலையணில் செம்பியின் முறையன்று, விடிவதற்குள் வந்து மரத்தை மொட்டையடித்துவிட்டான் மூக்கையன் என்ற இருவாச்சிப் பறவை. கையும் களவுமாக என்று சொல்ல அவனுக்குக் கை இல்லை; மறுநாள் புதிதாய்ப் பழுத்ததைப் பறிக்க வந்தபோது வாயும் பழமுமாகப் பிடிபட்டான்.

விசாரித்தவள் கருப்பாயி என்ற கரடி. சட்டம் என்றால் சட்டம்தான் அவளுக்கு.

"திருடினியா?"

"திருடினேன், தாயே. தூரத்து மலையிலயும் பழம் இருக்கு. சிறகு ஓஞ்சுபோச்சுன்னு பக்கத்துல இருந்ததை எடுத்துட்டேன்."

"ஒரு மாசம் குகைச் சிறை."

"ஐயோ, என் பெண்டாட்டி, குஞ்சுங்க..."

"செம்பிக்கு மட்டும் பிள்ளை இல்லையா? உனக்காகப் பேச உன் பெண்டாட்டி ஏன் வரல?"

"அவளால வர முடியாது, தாயே. முட்டையிடப் பொந்துக்குள்ள போனவ, வாசலை மண்ணால பூசி அடைச்சுக்கிட்டா. இறகெல்லாம் உதிர்ந்து கிடக்கா. ரெண்டு விரல் துளை வழியா நான் ஊட்டினாத்தான் சாப்பாடு."

மாட்டிக்கொண்டவன் எதைத்தான் சொல்லமாட்டான் என்று நினைத்தாள் கருப்பாயி. இருந்தாலும் செம்பியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பொந்து இருந்த மரத்தில் ஏறிப் போனாள்.

மரம் அசைந்ததுமே துளை வழியே ஓர் அலகு நீண்டது.

"வந்துட்டீங்களா? பிள்ளைங்க கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. எனக்கு வேண்டாம், அதுங்களுக்குக் குடுங்க."

வெறுங்கையோடு நின்ற கருப்பாயிக்கு அவமானமாக இருந்தது. குற்றம் செய்தவன் ஒருவன். அவனைப் பூட்டினால் சாகப்போவது உள்ளே இருப்பவர்கள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று செம்பியைக் கேட்டாள்.

"எனக்குக் கோபம் தீரலக்கா. ஆனா என் பிள்ளைங்க ஒரு நாள்தான் பட்டினி கிடந்துச்சு. இதுங்க ஒரு மாசம் எப்படித் தாங்கும்?"

கருப்பாயி இறங்கி வந்து, கூடியிருந்த எல்லார் முன்னும் தீர்ப்பைத் திருத்தினாள். மூக்கையன் தினமும் தூரத்து மலைக்குப் பறந்து, செம்பி வீட்டுக்கும் சேர்த்துப் பழம் கொண்டுவர வேண்டும். குகைச் சிறை, குஞ்சுகள் பறந்த பிறகு.

"அதுக்குள்ள அவன் ஓடிட்டா?" என்று கூட்டத்தில் ஒரு நரி முணுமுணுத்தது.

"ஓடினா என்னைக் கேளு" என்றாள் கருப்பாயி. சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளூரப் பயம்தான்.

மண்சுவரை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் வெளியே பறந்த அன்று, யாரும் கூப்பிடாமலே குகை வாசலில் வந்து நின்றான் மூக்கையன். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"பிள்ளைங்க பறந்துருச்சு, தாயே. இனி என்னை உள்ளே போடுங்க."

ஒருவனைத் தண்டிக்கும் முன், அவனை நம்பி வாய் திறந்து காத்திருக்கும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்ப்பதுதான் நீதி.