கன்று தேடிப் போனவர்

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற தவசி, ஐம்பத்தொன்பது வயதில் மாடு வளர்க்கக் கற்றுக்கொள்ளச் செல்லாயியிடம் வந்து சேர்ந்தார். செல்லாயிக்கு நாற்பதுதான். புலிக்குளம் மாடுகள் நூற்றுக்கு மேல் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வயல்களில் இரவில் அவற்றை அடைத்துக் கிடை போடுகிறவள். அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் தவசி பதினொரு பசுக்களைச் சேர்த்தார்.

மூன்று வருஷம் போயிற்று. மழை இல்லை. எருவுக்காகக் கிடை போடக் கூப்பிட்ட வயல்காரர்கள் மூட்டை உரத்துக்குப் போய்விட்டார்கள். பசுக்கள் தரும் பால் கன்றுக்கே காணாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு காளைக்கன்றுகளை ஜல்லிக்கட்டுக்காரர்கள் வந்து வாங்கினால் உண்டு.

ஒரு நாள் காலையில் தவசி செல்லாயியின் கிடைக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தார். பசுக்களை அடிமாட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"காளைக்கன்னுக்குத்தான் விலை இருக்கு தாயி. கன்னை வெளியில வாங்கி ரெண்டு வருஷம் வளர்த்து வித்தாப் போதாதா? பசுவை எதுக்கு வச்சுச் சுமக்கணும்?"

செல்லாயி ஒரு கிடாரியின் குளம்பில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணே. என் கன்னுகளை விடுங்க, வெளியில போய் ரெண்டு கன்னு வாங்கிட்டு வாங்க. அப்புறம் பசுவைக் கொடுங்க."

தவசி புறப்பட்டார். பஸ் போகிற ஊர்களுக்குப் பஸ்ஸில் போனார். போகாத ஊர்களுக்கு நடந்தார். முதல் ஊரில் தொழு காலியாகக் கிடந்தது. பசுக்களைப் போன வருஷமே கொடுத்துவிட்டதாகவும், வேண்டும்போது கன்றை வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பதாகவும் சொன்னார்கள். அடுத்த ஊரிலும் அதே பேச்சு. மூன்றாவது ஊரில் தொழுவத்தில் டிராக்டர் நின்றது. ஒவ்வொருவரும் இன்னொரு ஊரைக் கைகாட்டினார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் ஆவிக்கோன்பட்டியில் ஒரு பெரியவர் நெடுநேரம் யோசித்தார்.

"இந்தப் பக்கம் யாருகிட்டயும் இல்லப்பா. கிடை போடுறவங்க இப்ப எந்த ஊருல இருக்காங்களோ. யாரோ ஒரு கண்டக்டர் பதினோரு பசு வச்சிருக்காராம். இன்னும் வச்சிருக்காரோ, வித்துட்டாரோ. அங்க வேணா கேட்டுப் பாரு."

தவசி தலையாட்டினார். தான் யாரென்று சொல்லவில்லை.

கிடைக்குத் திரும்பியபோது அவருக்குக் கால் வீங்கியிருந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். செல்லாயியும் அன்று ஓய்ந்துபோயிருந்தாள். பச்சை தேடி மாடுகளோடு இரண்டு கண்மாய் தாண்டிப் போய் வந்திருந்தாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"வச்சிருந்தா லாபம் வருமா தாயி?"

"தெரியலண்ணே. எனக்கு இதுவரைக்கும் வரல."

"பிறகு நான் என்ன செய்யட்டும்?"

செல்லாயி அவருடைய கால்களைப் பார்த்தாள்.

"கன்னு கேட்டு யாராவது உங்க வீட்டுக்கு வருவாங்க. ரொம்ப தூரம் நடந்து வந்திருப்பாங்க. முதல்ல உட்காரச் சொல்லித் தண்ணி கொடுங்க. விலையை அப்புறம் பேசிக்கலாம்."