கயிறு தளரும் நேரம்

மடத்தில் குருபூஜை நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராக அடியார்கள் வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் அன்னமிடும் பொறுப்பு செவ்வந்திநாதருடையது. சீடர்தான் என்றாலும் குருநாதரைவிட வயதில் மூத்தவர்.

அன்று பகல் பந்தியில், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்ட ஒரு பெரியவரை அவர் எல்லோர் முன்னிலையிலும் அதட்டிவிட்டார். பெரியவர் பாதிச் சோற்றில் எழுந்து போனார். செவ்வந்திநாதருக்கு மனம் ஆறவில்லை. மடைப்பள்ளிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று குருநாதரைத் தேடிப் போனார்.

குருநாதர் மாமரத்தடியில் பாய் விரித்து அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

செவ்வந்திநாதர் வியந்து நின்றார். மடம் முழுவதையும் சுமப்பவர் இவர். அடுப்படியை மட்டும் சுமக்கும் தமக்கோ பல நாளாகத் தூக்கமில்லை. குருநாதர் விழித்ததும், சாவிப் பேச்சை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் கேட்டார்.

“சுவாமி, இத்தனை வேலைக்கு நடுவில் உங்களால் எப்படித் தூங்க முடிகிறது?”

குருநாதர் பாயை விட்டு எழுந்தார். தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போனார். காளைகளைப் பூட்டி நீர் இறைக்கும் கமலையை ஓட்டுபவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை நீர் இறைக்கும்படி சீடரிடம் சொன்னார்.

காளைகள் சரிவில் இறங்கின. கயிற்றில் கட்டிய சால் என்னும் பெரிய வாளி நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. பிறகு காளைகள் பின்னோக்கி ஏறத் தொடங்கின, ஆடி அசைந்து. செவ்வந்திநாதருக்குப் பொறுக்கவில்லை. பாதி மேட்டிலேயே மறித்து முன்னோக்கி விரட்டினார். சால் வெறுமையாக வந்தது. இன்னும் வேகமாக விரட்டினார். மறுபடியும் வெறும் சால்.

“வாழைக்குத் தண்ணீரைக் காணோம். காளைகளுக்கு மட்டும் நுரை தள்ளுகிறது” என்றார் குருநாதர்.

“பின்னால் நடக்கும் நேரமெல்லாம் வீணாகிறதே, சுவாமி.”

“வீணாகட்டும். ஒரு தடவை விட்டுப் பாரும்.”

விட்டார். காளைகள் மேட்டின் உச்சிவரை பின்வாங்கின. கயிறு தளர்ந்தது. கிணற்றுக்குள் சால் அமிழ்ந்து நீர் மொள்ளும் ஓசை கேட்டது. அடுத்த இறக்கத்தில் வாய்க்கால் நிறைந்து ஓடியது.

செவ்வந்திநாதர் காளைகளை நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பெரியவரை அதட்டியதையும், சாவியைக் கொடுக்கவே தாம் வந்ததையும் அப்போதுதான் சொன்னார்.

“மாலைப் பந்தியில் அவருக்கு உம் கையாலேயே பரிமாறும்.”

“அப்படியே செய்கிறேன், சுவாமி. நாளை முதல் பகலில் சற்று நேரம்...”

“நாளைக்கு எதற்கு? மாலைப் பந்திக்கு இன்னும் பொழுது இருக்கிறது. மாமரத்தடியில் என் பாய் அப்படியே கிடக்கிறது. சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, போய்ப் படுத்துக்கொள்ளும்.”