குழாய்க்குக் கொடுத்த குரல்

மில் சங்கு ஊதினால்தான் சூரியனே எழுந்திருக்கும் என்று நம்புகிற ஓர் ஊரில் ஒரு ஜாடி இருந்தது. குட்டைக் கழுத்து, அகல வாய், பெரிய வயிறு. பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்ட மாமா மாதிரி எப்போதும் ஒரு தோரணை.

தோரணைக்குக் காரணம் இருந்தது. அதற்குள் இருந்தது அன்னபாக்கியம் போட்ட பூண்டு ஊறுகாய். ஒன்பது வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, இருமலைச் சம்பாதித்துக்கொண்டு வெளியே வந்தவள் அவள். இப்போது வீட்டிலேயே பூண்டு உரித்து, வதக்கி, ஜாடியில் போட்டு, கேட்டவர்களுக்கு அளந்து கொடுக்கிறாள்.

"சித்திரை முடியறதுக்குள்ள முப்பது வீடாவது நிரந்தரமா பிடிக்கணும். இல்லேன்னா வைகாசி ஒண்ணாந்தேதி மறுபடியும் மில்லுதான்" என்று அவள் ஜாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினாள்.

அன்றைக்குக் கையில் இருந்தது பதினோரு வீடு.

"நீ எதுக்கு விசனப்படுறே? என் மூடியைத் திறந்து வை, தெரு மூக்கெல்லாம் இந்தப் பக்கம் திரும்பும்" என்றது ஜாடி.

திறந்து வைத்தாள். ஈதான் திரும்பியது.

அடுத்து, மலிவு விலையில் ரோஸ் கலர் நோட்டீஸ் ஒன்று வந்து சேர்ந்தது. வாயைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை பாஷை. "அன்புடையீர், வணக்கம். தங்களின் மேலான ஆதரவை நாடி அடியேன் நாளை காலை நாளிதழின் மடியில் அமர்ந்து இல்லந்தோறும் எழுந்தருள இருக்கிறேன்."

எழுந்தருளியது. மறுநாள் சாயங்காலம் கசங்கிப்போய்த் திரும்பி வந்தது, முதுகெல்லாம் எண்ணெய்.

"என்னய்யா ஆச்சு?" என்று ஜாடி கேட்டது.

"அன்புடையீர், என்மேல் வடை வைத்துத் தின்றார்கள். ஒருவர் மட்டும் என்னைப் படித்தார்."

"படிச்சிட்டு?"

"வடைக்கு இன்னொரு பேப்பர் கேட்டார்."

பிறகு அன்னபாக்கியத்தின் செல்போனில் இருந்து ஸ்டேட்டஸ் கிளம்பியது. அது ஒரு நாள் ஆயுசுக்காரி. எல்லாவற்றிலும் அவசரம். "பாத்தாங்க, பாத்தாங்க, நாப்பத்திரெண்டு பேர் பாத்தாங்க."

"வாங்கினாங்களா?"

"கையெடுத்துக் கும்பிட்டாங்க. ரெண்டு பேர் பூ விட்டாங்க. நான் போறேன், நேரமாச்சு" என்று அது காணாமல் போனது.

சித்திரை பாதி கழிந்தபோதுதான் சவரிமுத்துவின் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு குழாய் வந்தது. வாய் மட்டுமே உடம்பாகப் பிறந்த ஒலிபெருக்கிக் குழாய். வந்து நின்றதும் நிற்காததுமாக ஆரம்பித்தது. "என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே" என்று ஒரு குரல். உடனே, "அயிலை, மத்தி, நெத்திலி, உயிரோட துடிக்குது வாங்கம்மா" என்று இன்னொன்று. அடுத்து, "காணாமல்போன மூன்று வயதுக் குழந்தை கோயில் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது" என்று பவ்யமாக ஒன்று. அரசியல்வாதி, மீன்காரம்மா, கோயில் கணக்கர் எல்லாரும் அந்த ஒரே வாய்க்குள் குடியிருந்தார்கள்.

ஜாடி குலுங்கிச் சிரித்தது. "சரி, உன் குரல் எது?"

குழாய் கொஞ்சம் யோசித்தது. "அது எதுக்கு? யாரும் கேட்டதில்லையே."

சவரிமுத்து அன்னபாக்கியத்திடம் பேச்சை ஆரம்பித்தான். "யக்கா, பேசறதுக்கு ஆள் வச்சா அது தனிச் செலவு. ஸ்டூடியோவுல பதிஞ்சா இன்னும் கூட. நீங்களே பேசிருங்க. ஆட்டோ வாடகை மட்டும் குடுங்க, போதும்."

"நானா? எனக்கு மைக்குல எல்லாம் பேச வராது தம்பி."

"மைக்குன்னு நினைக்காதீங்க. பக்கத்து வீட்டுல பேசற மாதிரி பேசுங்க."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஜாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"யக்கா, உலை இறக்கியாச்சா? குழம்பு வைக்க நேரமில்லேன்னா விசனப்படாதீங்க. நாலு பல்லு பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய், சுடுசோத்துல பிசைஞ்சு பிள்ளைக்குக் குடுங்க. தட்டை வழிச்சிட்டுத்தான் எந்திரிக்கும். நான் அன்னபாக்கியம் பேசறேன். தண்ணித்தொட்டித் தெரு, பச்சைக் கதவு வீடு."

நடுவில் ஒரு சின்ன இருமல் விழுந்தது. சவரிமுத்து அதை அப்படியே விட்டுவிட்டான்.

குழாய் அந்தக் குரலைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் சுற்றியது. முதல் நாளே ஆறு வீடு. இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் மொத்தம் முப்பத்தோரு வீடு. அன்னபாக்கியம் மில் மேஸ்திரிக்கு ஆள் சொல்லி அனுப்பினாள், வைகாசிக்குத் தான் வரப்போவதில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

ஜாடிக்குத் தலைகால் புரியவில்லை. விடைபெற வந்த குழாயிடம், "நல்லா ஊதினேப்பா. அந்தக் குரலை இறக்கி வச்சிட்டுப் போறியா?" என்று கேட்டது.

"மறுபடியும் எப்ப வேணும்?"

"மாசத்துக்கு ஒருதரம் தேவைப்படும்."

"அப்ப என்கிட்டயே கிடக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஏத்தி இறக்கணுமா?"

வாஸ்தவம்தானே என்று பட்டது ஜாடிக்கு. அன்னபாக்கியத்துக்கும் அப்படித்தான் பட்டது. "உன்கிட்டயே பத்திரமா வச்சிரு தம்பி" என்று சவரிமுத்துவிடம் சொன்னாள். தெருவில் தொழில் செய்கிற எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். சைக்கிளில் போளி விற்கிறவர் குரல், கோலமாவுக்காரி குரல், எல்லாம் அங்கேதான் கிடந்தன.

பத்து நாள் கழிந்தது. அன்னபாக்கியம் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் அவளே பேசினாள்.

"யக்கா, உலை இறக்கியாச்சா?"

கத்தியைக் கீழே வைத்தாள். குரல் நெருங்கியது. நாலு பல்லு பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய், அந்தச் சின்ன இருமல், தட்டை வழிக்கிற பிள்ளை, எல்லாம் வந்தது. 'நான்' என்று வர வேண்டிய இடத்தில் ஒரு தடித்த ஆண்குரல் குறுக்கே விழுந்தது. "அன்னையின் கைப்பக்குவம், இப்போது பாக்கெட்டில். அனைத்துக் கடைகளிலும் கிடைக்கும்."

ஜாடி கத்தியது. "ஏய் குழாய், யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"யாரும் என்னைக் கேக்கல, நானும் யாரையும் கேக்கல" என்றது குழாய். "பெரிய கம்பெனி. இருபது ஆட்டோ பேசியிருக்காங்க. புதுசா யாரையும் பேச வைக்க வேண்டாம், இதுவே உருக்கமா இருக்குன்னுட்டாங்க. சவரிமுத்துவுக்கு மூணு மாச ஓட்டம்."

"அது அவ குரல்."

"அவதானே எங்கிட்ட வச்சிருக்கச் சொன்னா."

ஆட்டோவின் பின்னால் சரம்சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளில் ஒன்று, ஜாடியைப் பார்த்து மரியாதையாகவே பேசியது. "கோவிச்சுக்காதீங்க பெரியவரே. எனக்குப் பூண்டு கம்மிதான். ஆனா எல்லாக் கடையிலயும் இருக்கேன். நீங்க ஒரு வீட்டுலதானே இருக்கீங்க."

அன்னபாக்கியம் ஆட்டோவின் குறுக்கே போய் நின்றாள். "இது நான் பேசினது தம்பி." சவரிமுத்து ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் தெரு கூடிவிட்டது. கூடிய தெரு சண்டைக்கு வரவில்லை, வாழ்த்துச் சொல்ல வந்தது.

"கம்பெனிக்கே பேசிட்டியா அன்னம்? சொல்லவே இல்ல பாத்தியா" என்றாள் ஒருத்தி.

"கெட்டிக்காரிதான். எவ்வளவு குடுத்தான்?" என்றாள் இன்னொருத்தி.

"நான் பேசலேக்கா."

"அட, உன் இருமல் எங்களுக்குத் தெரியாதா?"

அதற்குமேல் அவள் என்ன சொன்னாலும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவளே சிபாரிசு செய்கிற சரக்கு என்று நம்பி, கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கினார்கள். முப்பத்தொன்று இருபதானது. பிறகு எட்டு. பிறகு மூன்றாம் வீட்டு ரெங்கநாயகி மட்டும்.

மேஸ்திரி நல்ல மனுஷன். வேறு ஆள் எடுத்திருந்தாலும் இரவு ஷிப்டில் ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அன்னபாக்கியம் போனாள்.

வார லீவு நாளில் மட்டும், ரெங்கநாயகிக்காக, ஜாடியின் அடியில் கொஞ்சம் ஊறுகாய் போட்டாள். ஜாடிக்கும் பழைய தோரணை இல்லை. ரெங்கநாயகி வந்து, ஒரு பூண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினாள்.

"மதினி, குறையா நினைக்காதே. உன் கை எப்படிப் பழகிடுச்சு பாரு, ஏறக்குறைய அந்தக் கம்பெனி ருசியே வந்திருச்சு. அதுல நாக்கைச் சுண்டுற மாதிரி ஒரு புளிப்பு இருக்கும்ல, வினிகரோ என்னமோ, அது மட்டும் இதுல இல்ல. அதையும் சேத்துட்டேன்னா அச்சு அசலா அதுதான்."

அன்னபாக்கியம் இருமி முடித்தாள். பிறகு கடைக்குப் போய் ஒரு பாட்டில் வினிகர் வாங்கி வந்து, ஜாடியின் மூடியைத் திறந்தாள்.