எழ முடியாத பந்தி

முன்னொரு காலத்தில் கூவிளநாடு என்று ஒரு நாடு. அதை அடலேறு மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். கிழக்கே பக்கத்து நாட்டு மலை ஒன்று மறைத்ததால் அவர் அரண்மனைக்கு வெயில் அரை நாழிகை பிந்தி வந்தது. இது ராஜாவுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. மலையைப் பிடித்து வரச் சொல்லி அறுநூறு பேரை அனுப்பினார். அவர் போகவில்லை. இடுப்புப் பிடிப்பு.

ஐந்து மாதத்தில் மலை பிடிபட்டது. மறுநாளும் வெயில் அரை நாழிகை பிந்தியே வந்தது.

"பின்னால் இன்னொரு மலை இருக்கிறது மகாராஜா" என்றார் சேனாதிபதி விசயகண்டர்.

"அப்படியானால் வெள்ளிக்கிழமை கிளம்புங்கள். நம் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள்?"

"மூன்று பேர். அதில் ஒருவன் போகும்போதே இருமிக்கொண்டிருந்தான்."

மோர் கொண்டுவந்த அரண்மனைச் சமையற்காரி பவளாயி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் தம்பி முத்திருளன் திரும்பி வரவில்லை. அவள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் வரவில்லை. வாய் திறந்தவனை அடுத்த படையில் முன்வரிசைக்கு அனுப்புவேன் என்று சேனாதிபதி மிரட்டியிருந்ததால் ராஜா காதுக்கு ஒன்றும் போகவில்லை. அடுத்த படைக்கு ஏற்கெனவே எழுதிவைத்த பட்டியலில் அவள் புருஷன் சடையன் பேரும் இருந்தது. கைப்பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

"சாமி, ஜெயித்து வந்தவர்களுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டாமா? உங்களோடு ஒரே பந்தியில்" என்றாள், மோர்ச் செம்பை நீட்டியபடி.

ராஜாவுக்கு விருந்து என்றால் உயிர். "வை. ஆனால் பந்தி முறை தப்பக்கூடாது. கடைசி இலைக்காரன் சாப்பிட்டு முடிக்காமல் யாரும் எழக்கூடாது. நானும்தான்." போன வருஷம் பாயசத்துக்கு முன்னால் எழுந்த சொந்த மச்சானையே நாடு கடத்தியவர் அவர்.

"எத்தனை இலை போடட்டும் சாமி?"

"அதுதான் சொன்னாரே. அறுநூறில் மூன்று குறைத்துப் போடு."

வெளியே விசயகண்டர் அவளை மறித்தார். தன் வெற்றிகளைவிட இவள் ரசத்தை ராஜா அதிகம் புகழ்கிறார் என்று அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "ஏ புள்ளே, இருநூறு இலை போதும்."

"நான் படிக்காதவள் அய்யா. சபையில் சொன்னதைத்தான் எனக்குப் போடத் தெரியும்."

புதன்கிழமை மதியம் அரண்மனை முற்றம் முழுக்க இலை. எல்லா இலையிலும் பரிமாறியிருந்தது. உட்கார்ந்தவர்கள் இருநூறு பேர். ராஜா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழப் பார்த்தார்.

"இருங்கள் சாமி, பந்தி முடியவில்லை" என்றாள் பவளாயி.

"மற்றவர்கள் எங்கே?"

"குளிக்கிறார்கள் மகாராஜா" என்றார் பந்தியில் உட்காராமல் ஓரமாக நின்ற விசயகண்டர்.

ராஜா காத்திருந்தார். கையில் சோறு காய்ந்து ஒட்டியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. காக்கைகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்தன.

"எதிர் இலை யாருடையது?"

"இலுப்பைக்குடி மாடனுடையது சாமி. அவனுக்கு வடை ஆகாது. அதனால் வைக்கவில்லை."

"எங்கே அவன்?"

"மலையடிவாரத்தில்."

"அங்கே என்ன செய்கிறான்?"

"படுத்திருக்கிறான் சாமி."

"எப்போது எழுந்திருப்பான்?"

"சேனாதிபதி அய்யாவைத்தான் கேட்கணும்."

ராஜா அடுத்த இலையைக் கேட்டார். அதற்கும் அதே பதில். அதற்கடுத்ததற்கும் அதே பதில். பிறகு அவர் கேட்கவில்லை. இலைகளைக் கடைசிவரை பார்த்தார்.

"விசயகண்டரே, போய் இவர்களை அழைத்து வாரும். ஒருத்தர் குறைந்தாலும் நீர் இந்த நாட்டுக்குள் வரவேண்டாம்."

சேனாதிபதி தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"நான் எப்படி எழுவது பவளாயி?"

"அவர்கள் பெண்டு பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள் சாமி. பசியோடுதான் நிற்கிறார்கள்."

"கூப்பிடு. விட்டுப்போன மூன்று இலையையும் போடு."

வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாடுகள் வீடு திரும்பும் நேரத்தில் ராஜாவுக்குப் பக்கத்து இலை மட்டும் அப்படியே இருந்தது.

"இது?"

"என் தம்பியுடையது. அவனுக்கு வேறு யாருமில்லை."

"அப்போ நீ உட்காரு."

உட்கார்ந்தாள். ராஜா எழுந்து பரிமாற முடியாது, முறை அப்படி. உட்கார்ந்தபடியே காய்ந்த கையோடு ரசச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். ரசம் ஆறிப்போயிருந்தது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார்.

"வெள்ளிக்கிழமைப் படை வேண்டாம் சாமி."

"வேண்டாம்" என்றார் ராஜா.

வெள்ளிக்கிழமை சடையன் வயலுக்குப் போனான். கூவிளநாட்டில் இன்றைக்கும் வெயில் அரை நாழிகை பிந்தித்தான் வருகிறதாம். சேனாதிபதி இன்னும் வரவில்லை.