நாகஜோதி கையில இருந்த மாத்திரை

செத்துப்போச்சா? மாத்திரை எப்படிய்யா செத்துப்போகும், செவனாண்டி? கிருமி ஏறிப்போச்சு, வேற மாத்திரை எழுதி வாங்காம இந்த ஏஆர்டி சென்டரை விட்டு நகரமாட்டேன்னு நிக்கிற. பயம் இருக்கத்தான் செய்யும், இல்லைங்கல. வாசல்ல உன் பொண்டாட்டி தனக்கொடியும் மாத்திரைப் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுகுறா. மொதல்ல வாயில அதக்கி வச்சிருக்க அந்த வயித்தெரிச்சல் மாத்திரையை மென்னு முழுங்கு, நீ பேசுறது பாதி வெளங்கல. டாக்டரம்மா உன்னையக் கூப்பிட இன்னும் பதினோரு டோக்கன் கெடக்கு. எச்.ஐ.வி. மாத்திரைக்குன்னு நான் இந்த பெஞ்சுல உக்காந்து இருபத்தியொரு வருசமாச்சு. ஒரு கதை சொல்றேன், நீ விடுவி பாப்போம்.

பேரை மாத்தித்தான் சொல்லுவேன், ஆமா. நாகஜோதின்னு வச்சுக்க. புருசன் சுருளிவேலு, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டுறவன். ரெண்டு பேருக்குமே இந்தக் கிருமி. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே நாள்ல வந்து வாங்குவாக. ராத்திரி சோறு தின்னுட்டு சேர்ந்து முழுங்குவாக. மூணு வருசம் ரத்தத்துல கிருமி கண்ணுக்கே தட்டுப்படல. அந்தத் தைரியத்துலதான் பிள்ளையும் உண்டானா.

பிள்ளை உண்டானதும் மாமியா காமுத்தாயி ஊருல இருந்து வந்து இறங்கிட்டா. நல்லவதான், சும்மா சொல்லக்கூடாது. மருமகளுக்குன்னு கருவாடு ஒரு மூட்டை, மொச்சை ஒரு மூட்டை. அவளுக்கு மட்டும் இவுக வியாதி தெரியாது. வீடோ ஒத்த ரூமு. ராத்திரி மாமியா பக்கத்துல படுத்துக்கிட்டு எங்கிட்டு மாத்திரை முழுங்குறது?

மாமியாளுக்கு ஒரு பழக்கம். நர்சம்மா குடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அவளே எடுத்து, விடிஞ்சதும் பல்லு விளக்குன கையோட, "வெறும் வயித்துல போட்டாத்தான்டி உடம்புல ஒட்டும்"னு நீட்டுவா. நாகஜோதி பாத்தா. ரெண்டு சத்து மாத்திரையோட மூணாவதா தன் மாத்திரையவும் உள்ளங்கையில சேர்த்துக்கிட்டு ஒரே மடக்கு. கெழவிக்குச் சந்தேகமே வரல. ஒரு நாள் விட்டாளா? விடல. சுருளிவேலு மட்டும் பழையபடி ராத்திரி ஜீப்புல வச்சு முழுங்கிக்கிட்டான்.

ஆறாம் மாசம் ரத்தம் எடுத்தாக. சுருளிவேலுக்குக் கிருமி இல்ல. அவளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். ஆயிரத்தைத் தாண்டுனாலே மருந்து தோத்துப்போச்சோன்னு பாக்குறவுக இந்தச் சென்டர்க்காரவுக. நாகஜோதி வயித்துல கையை வச்சா, எடுக்கவே இல்ல. "உள்ள இருக்கதுக்கு...?"ன்னு ஆரம்பிச்சா. நான்தான் அவளைப் பிடிச்சு உக்கார வச்சேன்.

கவுன்சிலிங் மேடம் டப்பாவைக் கவுத்து எண்ணுனாக. மிச்சம் இருக்க வேண்டியது அப்படியே இருக்கு. எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் நம்பிருவாகளா? முன்ன வெள்ளைப்பாண்டின்னு ஒருத்தன். தினம் ஒண்ணு எடுத்து ரோசாத் தொட்டியில புதைச்சுட்டு, மாசாமாசம் காலி டப்பாவோட சிரிச்சுக்கிட்டு வருவான். செடி பட்டுப்போச்சு, பெறகு அவனும் போயிட்டான். அவனை நெனச்சுக்கிட்டே மேடம் சொன்னாக, "நீ முழுங்கலம்மா. மாமியாளுக்குப் பயந்து தூரப் போடுற."

சுருளிவேலு எகிறிட்டான். "என் கண்ணு முன்னாடி முழுங்குறா மேடம்! மாத்திரைதான் செத்துப்போச்சு. இன்னைக்கே வேற மாத்திரைக்கு மாத்துங்க. பிள்ளை போச்சுன்னா நீங்களா பொறுப்பு?"

டாக்டரம்மா சின்ன வயசு. ரெண்டு பேரு ரத்த ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "முழுங்குறான்னு நம்புறேன். மாத்திரை செத்துச்சுன்னு இன்னும் நம்பல"ன்னாக. "நாளைக்குக் காலையில வீட்டுல என்ன பண்ணுவியோ அதையே இங்க வந்து என் முன்னாடி பண்ணு. வேற ஒண்ணும் வேணாம்."

இப்பச் சொல்லு செவனாண்டி. தூரப் போட்டான்னாக ஒருத்தர், மாத்திரை செத்துச்சுன்னாரு ஒருத்தர், ரெண்டும் இல்லைன்னாக ஒருத்தர். யார் சொன்னது சரி? ஒரு நாள் விடாம முழுங்குனவளுக்குக் கிருமி எப்படி ஏறுச்சு?

நானே சொல்றேன். டாக்டரம்மா சொன்னதுதான் சரி. மறுநாள் அவ உள்ளங்கையை விரிச்சா, மூணு மாத்திரை. வெறும் வயித்துல இரும்பும் சுண்ணாம்பும் இந்த மாத்திரையோட சேர்ந்தா அதைப் பிடிச்சு வச்சுக்கிருமாம், ரத்தத்துல சேர விடாதாம். முழுங்குனது நெசம், உடம்புல போய்ச் சேரல. அதே மாத்திரை புருசனுக்கு வேலை செஞ்சுச்சே, அங்கயே நீ பிடிச்சிருக்கணும். சத்து மாத்திரை மதியச் சோத்தோட, இது ராத்திரிச் சோறு தின்னுட்டுன்னு பிரிச்சாக. "நாலு வாரம் பாப்போம், இறங்கலைன்னா மாத்தித்தான் ஆகணும்"னாக. அந்த நாலு வாரம் அவ ஒழுங்காத் தூங்கல. கிருமி முன்னூறுக்கு இறங்குச்சு, பிரசவத்துக்கு முன்ன தட்டுப்படவே இல்ல. பிள்ளைக்குக் கிருமி ஒட்டாம இருக்கச் சொட்டு மருந்து குடுத்து, ஒவ்வொரு டெஸ்டா ஒன்றரை வருசம் பயந்து பயந்து பாத்தாக. ஒண்ணும் இல்ல. பொம்பளப்பிள்ளை, இப்ப பால்வாடிக்குப் போகுது. மாமியாகிட்டச் சொன்னாளான்னு கேக்காத, அது அவ பாடு.

என்னய்யா, மெல்லுறதை நிப்பாட்டிட்ட? அந்த வயித்தெரிச்சல் மாத்திரையை எப்ப எப்பப் போடுற? நம்ம மாத்திரையோடவா? அதுலயும் சுண்ணாம்பு இருக்குமாமேய்யா! எத்தனை மாசமா? சரி சரி, அழுகாத. என்கிட்டச் சொல்லி என்ன, உள்ள போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லு, நீ முழுங்குற அத்தனையவும் அவுக மேசையில எடுத்து வையி. ஏத்தா தனக்கொடி! அழுதது போதும், அந்தப் பையை அப்படியே உள்ள கொண்டா!