நாலு வாய்ப் பெட்டி

"எல்லாருக்கும் சமமாத்தானே குடுக்கறேன், அம்மா. ஒண்ணுத்துக்கும் சார்ஜ் ஏற மாட்டேங்குது."

வந்து நின்றதும் தணிகாசலம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

வடிவம்மை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு வடிவம்மைதான் குரு. தணிகாசலம் தொலைபேசி இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். ஆனாலும் குரு முன்னால் வந்தால் இவர் தோளில் துண்டு தங்காது. அவ்வளவு மரியாதை.

புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து மலையில் கரண்ட் போய்விட்டது. மரங்கள் விழுந்து பாதையும் அடைபட்டது. மடத்தில் மிச்சமிருந்த மின்சாரம் தணிகாசலத்தின் லேப்டாப் பேட்டரியில் இருந்ததுதான். அதிலும் ஒரே ஒரு யுஎஸ்பி துளைதான் வேலை செய்தது.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா தணிகாசலம்? அவரிடம் ஒரு ஹப் இருந்தது. ஒரு துளையில் செருகினால் நான்காகப் பிரித்துக் கொடுக்கிற குட்டிப் பெட்டி. பெருமையாக நான்கிலும் செருகிவிட்டார். தியான மண்டபத்து விளக்கு, குருவின் பேச்சைப் பதிகிற ரெக்கார்டர், தன்னுடைய போன், சமையல் பார்க்கும் கொடிமலரின் போன்.

கொடிமலரின் மகள் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் கிடந்தாள். தலைப்பிரசவம். மருமகன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அவன் கூப்பிட வேண்டிய போன் செத்துக் கிடந்தது.

"எதை எடுக்கலாம்னு நினைக்கிறீங்க, ஐயா?" என்றார் வடிவம்மை.

"எடுக்கறதா? நம்ம பந்தியில ஒருத்தருக்கு ஒரு கரண்டி கூட விழுந்தா நீங்களே ஒத்துக்க மாட்டீங்களே அம்மா. இதுலயும் அதே முறைதான்."

"பந்தியில உக்காந்தவங்களுக்கு வயிறு ரொம்புச்சா?"



"இல்லம்மா. உசுரு வர்ற மாதிரி வருது. பொசுக்குனு போயிடுது."

வடிவம்மை முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். லேப்டாப் இருந்த அறைக்குப் போனார். கொடிமலரும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள்.

குரு முதலில் ரெக்கார்டரைப் பிடுங்கினார்.

"அம்மா, இன்னிக்கு நீங்க பேசறத எதுல பதியறது?"

"இன்னிக்குப் பேசல."

அந்தப் பேச்சுக்காக மலையேறி வந்து, மலையிலேயே தங்கிவிட்டவர் தணிகாசலம். அதைக் குருவே கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டாரே. இப்பேர்ப்பட்டவரிடம் வந்து சேர்ந்தோமே என்று மனசு நிறைந்தது.

விளக்கைத் தணிகாசலமே பிடுங்கினார்.

"கண்ண மூடிக்கிட்டு உக்கார்றதுக்கு வெளிச்சம் எதுக்கு" என்று தானே சொல்லிக்கொண்டார்.



மிச்சம் இரண்டு போன்கள். ஒன்று அவருடையது.

"மடத்துக்கு ஒரு அவசரம்னா பேசறதுக்கு ஒரு போன் வேணுமேம்மா. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல..."

யாரும் மறுக்கவில்லை. கொடிமலர் தரையைப் பார்த்தாள். தணிகாசலம் தன் போனைப் பிடுங்கினார். பல் பிடுங்குகிற மாதிரிதான் இருந்தது.

கொடிமலரின் போனில் திரை வெளுத்தது. இருவரும் குனிந்தார்கள். கொடிமலர் கதவோரத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். திரை மறுபடி கறுத்தது.

"இன்னும் எடுக்கறதுக்கு என்னம்மா இருக்கு?"

வடிவம்மை விரலை நீட்டினார். விரல் ஹப்பைக் காட்டியது.

"ஐயோ, அது குடுக்கறதும்மா. அது எடுத்துக்கறது இல்ல."

விரல் இறங்கவில்லை.

தணிகாசலம் பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு துளைக்கு மேலேயும் ஒரு நீல விளக்கு. செருகியவை எல்லாம் பட்டினி கிடந்த நேரம் முழுக்க அவை ஜம்மென்று எரிந்துகொண்டிருந்திருக்கின்றன. அந்த விளக்குகள் அழகாக இருக்கின்றன என்றுதான் அவர் அந்தப் பெட்டியையே வாங்கினார்.

முகம் சுண்டிப்போய்விட்டது. பெட்டியைக் கழற்றி வைத்தார். கொடிமலரின் போனை நேராக லேப்டாப்பில் செருகினார்.

காத்திருந்தார்கள். திரை வெளுத்தது. இந்த முறை கறுக்கவில்லை.

போன் மணி அடித்தது.

தணிகாசலத்தின் கை தன்னால் நீண்டது. மடத்துக்கு எந்த அழைப்பு வந்தாலும் முதலில் எடுப்பவர் அவர்தான். நல்ல செய்தி என்றால் சிரித்துக்கொண்டு சொல்வார். கெட்டது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். இத்தனை வருஷமும் அதை ஒரு தொண்டாகவே செய்துவந்தார். இப்போதுகூட கொடிமலர் கதவோரத்திலேயே நின்று அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீண்ட கை பாதியில் நின்றது.

அவர் வடிவம்மையைத் திரும்பிப் பார்த்தார். குரு கதவோரம் நின்ற கொடிமலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் ஒதுங்கி வழிவிட்டார்.

"நீயே எடு, தாயி."

கொடிமலர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, போனைக் காதில் வைத்தாள்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. போனைக் குழந்தையின் வாயருகே பிடித்திருந்தான்.